ஆடு தீண்டாததை நாம் ஏன் தின்ன வேண்டும்?

ஆடு எதைத்தான் தின்னாது? சுவரில் ஒட்டிய போஸ்டரைத் தின்னும். கொடியில் காயப்போட்ட வேட்டியின் நுனியைத் தின்னும். வேலிக்கு வைத்த முள்ளையும் விடாது. அந்த ஆடே மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிற ஒரு சிறு கொடி, நம் பக்கத்துக் கரம்பு நிலங்களில் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். சாம்பல் பூத்த பச்சை இலை, கருஞ்சிவப்பில் குழல் போலச் சின்னப் பூ. ஆடுதின்னாப்பாளை என்றும் ஆடுதீண்டாப்பாளை என்றும் முன்னோர் அதற்குப் பேர் வைத்தார்கள். இலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், வடிவம் ஏறக்குறைய ஒரு சிறுநீரகம். 32 வருஷம் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தியபோது இந்தப் பொருத்தம் எனக்கு வேடிக்கையாகப் பட்டதுண்டு. இப்போது வேடிக்கையாகப் படவில்லை.

இந்தப் பதிவைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் மேல் கோபமில்லை, இரண்டு வாக்கியங்கள் மேல் கோபம். ஒன்று, "மூலிகைதானே, பக்கவிளைவே கிடையாது." இன்னொன்று, "சிறுநீர் சிவப்பாப் போகுதா? அது சூடு." நம் வயதுக்காரர்கள் கூடுகிற இடமெல்லாம், கிரிவலப் பாதையில், பென்ஷன் ஆபீஸ் வராந்தாவில், கல்யாண மண்டபப் பந்தியில், இந்த இரண்டையும் கேட்கிறேன். இரண்டும் சேர்ந்து ஒரு மனிதனின் சிறுநீரகத்தைக் காவு வாங்கும். எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வீட்டில் மேல்தொட்டி, பைப், கீழ்த்தொட்டி இருப்பது போலத்தான் நம் உடம்பும். சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டி, வடிந்ததைத் தன் நடுவில் இருக்கும் புனல் போன்ற பையில் சேர்க்கிறது. அங்கிருந்து ஓர் அடிக்குச் சற்றுக் குறைவான மெல்லிய குழாய் வழியே அது சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. இந்தப் புனல், குழாய், பை மூன்றுக்கும் உள்ளே ஒரே வகை உள்தோல். அந்த உள்தோலில் புற்றுநோய் வந்தால் பெரும்பாலும் கீழே சிறுநீர்ப்பையில்தான் வரும். மேலே, புனலிலும் குழாயிலும் வருவது 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான். அதனால் இதை அரிய புற்றுநோய் என்கிறார்கள். அரியது என்றதும் நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. இது அதிகம் வருவது 70 வயதுக்கு மேல், அதாவது இந்தப் பதிவைப் படிக்கிற பலரின் வயதில். இன்னொன்று, சிறுநீர்ப்பையில் வருவது பெரும்பாலும் மேலோட்டமாக இருக்கும்போதே கண்டுபிடிக்கப்படுகிறது. மேலே வருவதோ, கண்டுபிடிக்கிற நேரத்திலேயே பாதிக்கு மேற்பட்டோருக்குச் சுவரைத் துளைத்து ஆழமாகப் போயிருக்கும். மேல்குழாயின் சுவர் அவ்வளவு மெல்லியது.

இந்த நோய்க்கும் ஆடு தின்னாத கொடிக்கும் என்ன சம்பந்தம்?

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் இளைக்க வைக்கும் ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போன பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. நடுவயதுப் பெண்கள், அதற்கு முன் நோய்நொடி இல்லாதவர்கள். 1993இல் டாக்டர்கள் காரணத்தை எழுதினார்கள். மாத்திரையில் சீன மூலிகை ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். சேர்க்க வேண்டியது ஒன்று, வந்து சேர்ந்தது வேறொன்று. சீன மொழியில் இரண்டு செடிகளுக்கும் பேர் 'ஃபாங் ஜி' என்றே முடியும். வந்து சேர்ந்த செடி நம் ஆடுதின்னாப்பாளையின் குடும்பம், அரிஸ்டோலோகியா இனம். இந்த இனத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற நஞ்சு இருக்கிறது. பாதிக்கப்பட்டோர் 100 பேருக்கு மேல்.

அதோடு முடியவில்லை. சில வருஷம் கழித்து அவர்களில் சிலருக்கு மேல்குழாயில் புற்றுநோய் தென்பட்டது. சிறுநீரகம் முழுக்க செத்துப்போயிருந்த 39 பேர், முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகத்தையும் குழாயையும் எடுத்துவிடச் சம்மதித்தார்கள். எடுத்துப் பரிசோதித்தால் 18 பேருக்குப் புற்றுநோய். மீதி 21 பேரில் 19 பேருக்குப் புற்றுக்கு முந்திய மாற்றங்கள். சுத்தமாக இருந்தவர்கள் இரண்டே பேர். 2000ஆம் ஆண்டு இந்தக் கணக்கு வெளியானதும் உலகம் விழித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2002இல் இந்தச் செடிகள் சேர்ந்த மூலிகை மருந்துகளை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் வைத்தது. புகையிலை இருக்கிற அதே பட்டியல்.

பால்கன் நாடுகளில் டான்யூப் நதியின் கிளையாறுகளை ஒட்டிய கிராமங்களில், குடும்பம் குடும்பமாகச் சிறுநீரக நோயும் மேல்குழாய்ப் புற்றும் வந்துகொண்டிருந்தன. 1950களிலிருந்து காரணம் தேடினார்கள். தண்ணீரா, பரம்பரையா, பூஞ்சையா என்று பல பேச்சு. கடைசியில் அகப்பட்டது கோதுமை வயலில் களையாக வளர்ந்த இதே இனத்துச் செடி. அதன் விதை கோதுமையோடு அறுவடையாகி, அரைபட்டு, ரொட்டியாகி வயிற்றுக்குள் போயிருக்கிறது. யாரும் மருந்தாகக் கூடச் சாப்பிடவில்லை. தினம் தின்ற ரொட்டி.

மூன்றாவது தைவான். நம்மைப் போலவே பாரம்பரிய மருத்துவத்தில் பெருமை கொண்ட நாடு. அரசுக் காப்பீட்டிலேயே பாரம்பரிய வைத்தியருக்குப் பணம் கொடுக்கிறார்கள். அதனால் யாருக்கு என்ன மூலிகை எழுதிக் கொடுத்தார்கள் என்ற பதிவு முழுக்க இருக்கிறது. 1997க்கும் 2003க்கும் இடையே மக்களில் மூன்றில் ஒருவருக்கு இந்த நஞ்சு சேர்ந்த மருந்து எழுதப்பட்டிருந்தது தெரிய வந்தது. மேல்குழாய்ப் புற்று உலகிலேயே மிக அதிகமாக இருப்பது அங்கேதான். மற்ற நாடுகளில் இது ஆண்களுக்கு இரண்டு மடங்கு. தைவானிலோ, புகைபிடிக்காத பெண்களுக்கும் ஆண்களுக்குக் குறையாமல் வருகிறது. கட்டிகளின் மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது, இந்த அமிலம் மட்டுமே விட்டுப் போகிற ஒரு தனி வகை மாற்றம் அச்சுப் பதித்தாற்போல் இருந்தது. போலீஸ்காரர் பாஷையில் சொன்னால் கைரேகை. 2003இல் தைவான் அந்த மூலிகைகளைத் தடை செய்தது. சீனாவும் அதே வருஷத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தன் அதிகாரபூர்வ மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்தது.

நம்மிடம் இந்த இனத்தில் இரண்டு செடிகள் பழக்கத்தில் உண்டு. ஒன்று ஆடுதின்னாப்பாளை. குடற்புழுவுக்கும், வண்டுகடிக்கும், தோல் நோய்க்கும் சொல்வார்கள். இன்னொன்று ஈஸ்வரமூலி, வேறு பேர்கள் கருடக்கொடி, பெருமருந்து. பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் சொல்வார்கள், பாம்பு அண்டாது என்று வீட்டில் வளர்ப்பவர்களும் உண்டு. பேர்க் குழப்பம் நமக்கும் இருக்கிறது. வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடும் ஆகாச கருடன் கிழங்கு வேறு செடி, கருடக்கொடி வேறு செடி. பேரை மட்டும் சொல்லி வாங்கினால் எது வரும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? பிரஸ்ஸல்ஸில் நடந்ததும் இந்தப் பேர்க் குழப்பம்தான்.

இதையெல்லாம் சொன்னால் உடனே சண்டைக்கு வருவார்கள். வந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் நியாயமாகப் பார்ப்போம்.

"ஆடாதோடையையும்தான் ஆடு தொடாது. அது இருமலுக்கு நல்ல மருந்தில்லையா?" நல்ல கேள்வி. ஆடு ஒதுக்கியதெல்லாம் விஷம் என்று நான் சொல்லவில்லை. ஆடு ஒதுக்கினால் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்கிறேன். ஆடாதோடையைப் பற்றிக் கேட்டால் பதில் நல்லதாக வருகிறது. ஆடுதின்னாப்பாளையைப் பற்றிக் கேட்டால் மூன்று நாடுகளின் சுடுகாட்டிலிருந்து பதில் வருகிறது.

"ஆயிரம் வருஷமா நம்ம பாட்டன் பூட்டன் சாப்பிட்டானே, அவன் என்ன செத்தா போனான்?" இந்த நஞ்சு இன்று சாப்பிட்டு நாளை கொல்வதில்லை. அதன் தடம் சிறுநீரகத் திசுவில் பல பத்தாண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், புற்று வருவதற்கும் அவ்வளவு காலம் பிடிக்கலாம். நாற்பதில் சாப்பிட்ட பொடிக்கு அறுபத்தைந்தில் விலை கொடுக்கிறவன், அந்தப் பொடியை நினைத்துப் பார்ப்பானா? வைத்தியருக்குத்தான் தெரியுமா? அந்தக் காலத்து வைத்தியர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணெதிரே புழு விழுந்தது, காய்ச்சல் நின்றது. இருபது வருஷம் கழித்து நடந்தது அவர் பார்வைக்கு வரவே இல்லை. அதைப் பார்க்க ஊர் முழுக்கக் கணக்கு எடுக்க வேண்டும், தைவான் எடுத்தது போல.

"எல்லாம் இங்கிலீஷ் மருந்துக் கம்பெனிக்காரன் சதி." பாரம்பரிய வைத்தியத்துக்குக் காப்பீடு கொடுக்கிற தைவானும், அதை உலகம் முழுக்க விற்கிற சீனாவும் தங்கள் மூலிகையைத் தாங்களே தள்ளி வைத்தார்கள். இதில் எந்தக் கம்பெனிக்கு என்ன லாபம்?

"சித்த முறையில் சுத்தி செய்தால் நஞ்சு போய்விடும்." பதப்படுத்தினால் இந்த அமிலம் கொஞ்சம் குறையலாம். ஆனால் புற்றுநோய் உண்டாக்குகிற ஒரு பொருளுக்கு இவ்வளவு வரைக்கும் சாப்பிடலாம் என்று யாரும் கோடு போட்டுக் கொடுக்கவில்லை. புழுவுக்கு ஊரில் வேறு மருந்தே இல்லையா?

நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்லை. டெங்கு காலத்தில் அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தபோது நானும் வரிசையில் நின்று குடித்தேன். படித்துப் பட்டம் வாங்கிப் பதிவு செய்த சித்த மருத்துவர், கொடுக்கிற மருந்தில் என்ன இருக்கிறது என்று சொல்வார். சட்டமும் அதையே சொல்கிறது. ஆயுர்வேத, சித்த மருந்து எதுவானாலும் சேர்மானம் முழுவதையும் அளவோடு லேபிளில் போட்டாக வேண்டும். என் சண்டை லேபிள் இல்லாத பொட்டலத்தோடு. செய்வதற்கு லைசென்ஸ் கேட்கும் சட்டம், இந்த மருந்துகளை விற்பதற்குத் தனி லைசென்ஸ் கேட்பதில்லை. அந்த ஓட்டை வழியாகப் பேர் இல்லாத பொடிகள் நம் வீட்டுக்குள் வருகின்றன. அண்ணாமலையைச் சுற்றுகிற 14 கிலோமீட்டரில் சித்தர் பேரைச் சொல்லி எதை விற்றாலும் வாங்க ஆள் இருக்கிறது.

இனி இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். சூடு.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், பேர் வேண்டாம். எழுபத்தொரு வயது. பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு கிரிவலம் போகிறவர். ஒரு நாள் காலையில் சிறுநீர் கழுவிய மாட்டுக்கறித் தண்ணீர் நிறத்தில் போயிற்று. வலி துளியும் இல்லை. மறுநாள் சரியாகிவிட்டது. வீட்டில் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து மறுபடி. இந்த முறை சொன்னார். உடனே தீர்ப்பு வந்துவிட்டது, வெயிலில் நடந்த சூடு. இளநீர், வெந்தயம், நீர்மோர், நல்லெண்ணெய்க் குளியல். ரத்தம் தானாக நின்றது, பெருமை இளநீருக்குப் போயிற்று.

பிறகு யாரோ சொன்னார்கள் என்று பாதையோரத்தில் ஒருவரிடம் பொடி வாங்கினார். நான் கூடப் போயிருந்தேன். "இதுல என்னென்ன செடி சேருதுங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் பரம்பரை ரகசியம் சாமி, பேர் சொன்னா பலிக்காது" என்றார் அந்த மனிதர். பொட்டலத்தின் மேல் ஓர் எழுத்துக் கூட இல்லை. நண்பர் இரண்டு மாதம் அதைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டார். மூன்றாம் தடவை ரத்தம் வந்தபோது ஒரு டாக்டரிடம் போனார். அவர் நீர்க்கடுப்புத் தொற்று என்று மாத்திரை கொடுத்தார். சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பவில்லை. அதே மாத்திரை இன்னொரு சுற்று. முதல் முறை ரத்தம் பார்த்ததிலிருந்து சிடி ஸ்கேன் எடுக்கும் வரை ஆறு மாதம் போயிருந்தது. இடது சிறுநீரகத்தின் புனலில் கட்டி, குழாய் வாயை அடைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பொடியால்தான் அவருக்குப் புற்று வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு மாதத்தில் புற்று வராது. அவர் இருபது வருஷம் சிகரெட் பிடித்தவர், இந்தப் புற்றுக்கு நம் ஊரில் புகைதான் முதல் சந்தேகம். ஆனால் பொடி அவரிடமிருந்து இரண்டு மாதத்தைத் திருடியது. சூடு என்ற சொல் அதற்கு முன்பே சில வாரங்களைத் திருடியிருந்தது. கல்ச்சர் பார்க்காத மாத்திரை மிச்சத்தை எடுத்துக்கொண்டது. எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள்!

அதனால் ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால், அது ஒரே ஒரு தடவை வந்தாலும், தானாக நின்றுவிட்டாலும், காரணம் தெரிகிற வரை விடக் கூடாது. வலித்தால் நாம் ஓடிப்போய்க் காட்டுவோம். வலிக்காதது ஏமாற்றும். கட்டி ஒரு நாள் கசியும், ஒரு மாதம் சும்மா இருக்கும். நின்றது என்பது நல்ல செய்தி அல்ல.

இதய நோய்க்கு ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் "மாத்திரையால ரத்தம் வருது" என்று தாங்களே முடிவு செய்துகொள்கிறார்கள். மாத்திரை இருந்தாலும் பரிசோதனை உண்டு. மாத்திரை ஒளிந்திருந்த கட்டியைக் காட்டிக் கொடுத்ததாகக் கூட இருக்கலாம். நம் வீட்டுப் பெண்கள் விஷயம் இன்னும் மோசம். மாதவிலக்கு நின்று பதினைந்து வருஷம் ஆன அம்மாள், துணியில் சிவப்பைப் பார்த்தால் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னாலும் கர்ப்பப்பை என்று ஒரு பக்கம், நீர்க்கடுப்பு என்று ஒரு பக்கம் அலைய விடுகிறார்கள். வீட்டு ஆண்களே, நீங்கள் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கழிப்பறையில் அடர்நிற டைல்ஸ் போட்டவர்கள், வாரம் ஒரு முறையாவது வெள்ளைக் கப்பில் பிடித்துப் பாருங்கள். பீட்ரூட் தின்ற மறுநாள் சிவந்தால் பயப்பட வேண்டாம், ஒரு யூரின் டெஸ்ட் அது ரத்தமா இல்லையா என்று சொல்லிவிடும்.

யாரிடம் போவது? யூராலஜி டாக்டரிடம். நெஃப்ராலஜி டாக்டர் சிறுநீரகச் செயல்பாட்டையும் டயாலிசிஸையும் பார்ப்பவர், யூராலஜி டாக்டர் குழாய், கட்டி, அறுவை பார்ப்பவர். போனதும் என்ன கேட்பது? சாதாரண ஸ்கேன் எடுத்து "எல்லாம் நார்மல்" என்று எழுதிக் கொடுத்தால் திருப்தியோடு வீட்டுக்கு வராதீர்கள். அந்த ஸ்கேனில் கல் தெரியும், வீக்கம் தெரியும், ஆனால் நடுக்குழாய் குடலுக்குப் பின்னால் மறைந்திருப்பதால் சிறு கட்டி தப்பிவிடும். மருந்து ஏற்றி எடுக்கும் சிடி யூரோகிராம்தான் மேல்குழாயை முழுக்கக் காட்டும். கிரியாட்டினின் அதிகம் உள்ளவர்களுக்கு எம்ஆர்ஐ மாதிரி மாற்று வழி உண்டு. சிறுநீர்ப்பைக்குள் சிறு கேமரா விட்டுப் பார்ப்பார்கள். சிறுநீரில் கழிந்து வரும் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சந்தேகம் தீராவிட்டால் மெல்லிய கேமராவைக் குழாய் வழியே மேலே அனுப்பித் துணுக்கு எடுப்பார்கள். இவற்றில் எது தேவை என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் "மேல்குழாயைப் பார்த்தாச்சுங்களா டாக்டர்?" என்று ஒரு கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு.

புற்று என்று உறுதியானால், அது எந்த வகை என்பது முக்கியம். சிறுநீரகத்தின் சதையில் வரும் புற்றும், புனலின் உள்தோலில் வரும் புற்றும் ஒன்றல்ல. சதையில் வரும் சிறு கட்டியை மட்டும் வெட்டி எடுத்து மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம். உள்தோலில் வருவது தீவிரமானதாக இருந்தால் சிறுநீரகம், குழாய் முழுவதும், குழாய் சிறுநீர்ப்பையில் நுழையும் இடத்தில் ஒரு வட்டம் என எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஓடையில் விதை மிதந்து போவது போலப் புற்று செல்கள் கீழே இறங்கி முளைப்பதால்தான் இவ்வளவும். எடுத்த பிறகும் 100க்கு 22 முதல் 47 பேர் வரை சிறுநீர்ப்பையில் மறுபடி வருகிறது. அதைக் குறைக்க அறுவைக்குப் பின் ஒரு தடவை சிறுநீர்ப்பைக்குள் மருந்து விடுகிறார்கள். அதனால் தையல் பிரித்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சில மாதத்துக்கு ஒரு முறை கேமரா சோதனை, அதுவும் வருஷக்கணக்கில்.

கட்டி சிறியதாக, வீரியம் குறைந்ததாக, ஆரம்பத்திலேயே அகப்பட்டால் லேசர் கொண்டு எரித்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியும். சீக்கிரம் போவதன் பலன் இதுதான். ஆழமாகப் போயிருந்தால், அறுவைக்குப் பின் 90 நாளுக்குள் கீமோ கொடுத்தால் மூன்று வருஷம் நோய் திரும்பாமல் இருப்பவர் 100க்கு 46இலிருந்து 71 ஆகிறார்கள் என்று 2020இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. அந்தக் கீமோவில் நல்ல மருந்தான சிஸ்பிளாட்டின், சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர்களுக்கே கொடுக்க முடியும். ஒன்றை எடுத்த பிறகு மிச்சமிருக்கும் ஒன்று அதைத் தாங்குமா என்பது சந்தேகம். எனவே கீமோ பேச்சை அறுவைக்கு முன்பே பேசிவிட வேண்டும். குடும்பத்தில் இளம் வயதில் குடல் புற்றோ கர்ப்பப்பைப் புற்றோ வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரே மரபணுக் கோளாறு இதற்கும் காரணமாகலாம், அப்படியானால் பிள்ளைகளுக்கும் சோதனை வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு வாதம் உண்டு, மெதுவாகச் சொல்கிறேன். "ரமண மகரிஷியே கையை எடுக்க விடவில்லையே, உடம்பு தானே?" 1949 பிப்ரவரியில் அவருடைய இடது முழங்கை அருகே இருந்த சிறு கட்டியை எடுத்தார்கள். அதுவும் அரிய வகைப் புற்றுதான். கையை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை, உண்மை. ஆனால் அதே வருஷம் டிசம்பருக்குள் நான்கு முறை டாக்டர்களின் கத்திக்குக் கையை நீட்டினார், ரேடியம் சிகிச்சைக்கும் உட்பட்டார். 1950 ஏப்ரல் 14இல் மறைந்தார். உடம்பை உடையாக நினைத்தவரின் முடிவை, பேத்தி கல்யாணத்தைப் பார்க்க ஆசைப்படுகிற நாம் எடுத்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் போகாமல் இருப்பது பக்தி இல்லை, சாக்கு.

அரிய நோய்க்கு நம் ஊரில் என்ன வசதி என்று கேட்பவர்களுக்கு: முதல் சோதனைகளுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது. பெரிய அறுவைக்கு வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், 1954இலிருந்து இயங்கும் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் எல்லாம் பஸ் தூரத்தில். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்களும், பென்ஷன்தாரர் காப்பீட்டு அட்டை உள்ளவர்களும் முதல் நாளே கையோடு கொண்டு போங்கள்.

அதிகாரத்தில் இருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டையும் உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது என்று நாட்டு மருந்துக்கடை ஒவ்வொன்றிலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். லேபிள் இல்லாத பொடியைக் கிரிவலப் பாதையில் விற்க விடாதீர்கள். பௌர்ணமிக்கு அன்னதானம் சுகாதாரமாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருகிறது. மருந்தென்று விற்பதைப் பார்க்க ஏன் வருவதில்லை?

செடியைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை, தாவரவியல்காரனுக்கு அது மனசு வராது. சிவப்பு உடம்பும் கறுப்புச் சிறகுமாகப் பறக்கிற ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு இந்தக் கொடியைத் தின்றுதான் வளர்கிறது. நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும், பறவை அதைத் தொடாது. அந்தப் புழுவுக்கு இது மருந்து, சாப்பாடு, கவசம் எல்லாம். கொடி அதற்கே இருக்கட்டும்.

நண்பருக்கு ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு சிறுநீரகத்தோடு இருக்கிறார். சிறுநீர்ப்பையில் ஒரு முறை சின்னதாக முளைத்ததைச் சுரண்டி எடுத்தார்கள். அடுத்த கேமரா சோதனை வருகிற மாதம். அந்தப் பொடியில் மிச்சம் இருந்ததை என்னிடம் கொடுத்து, "வாத்தியாரே, இது என்ன செடின்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். அரைத்த பொடியைப் பார்த்துச் செடியைச் சொல்ல என்னாலும் முடியாது. லேபிள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் அதுதான்.